சவரக்கத்தியைச் சவரத்துக்கு முன்னும் பின்னும் எப்படிப் பராமரிப்பது? சென்னையில் சீக்கிரம் துருப்பிடிக்கிறதே?

சலூன்களில் இப்போது புழங்குகிற, பிளேடு மாற்றும் கத்தியைக் கேட்டிருந்தால் பதிலே தேவையில்லை. பிளேடைத் தூக்கி எறிந்தால் தீர்ந்தது. மடக்கி வைக்கும் பழைய கார்பன் எஃகுக் கத்தியைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தோல்வாரில் தீட்டுவதைப் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். ஆனால் இந்த ஊரில் கத்தி மழுங்கிக் கெடுவதைவிடத் துருவேறிக் கெடுவதுதான் அதிகம். அதனால் பின்வேலையை முதலில் சொல்கிறேன்.

சவரம் முடிந்ததும் கத்தியை நல்ல தண்ணீரில் அலசுங்கள். போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிற வீடு என்றால், கடைசி அலசலுக்கு ஒரு டம்ளர் குடிதண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். துடைக்கும்போது துணி கத்தியின் முதுகிலிருந்து வாயை, அதாவது கூர் விளிம்பை, நோக்கிப் போக வேண்டும். வாயின் நெடுக இழுத்தால் விரல் போய்விடும். பலரும் விட்டுவிடுகிற இடம் கத்தி மடங்குகிற ஆணி. நுரையும் நீரும் பிடியின் இரு பட்டைகளுக்கு நடுவே இறங்கி அங்கேயே தங்கிவிடும். வெளியே பளபளக்கிற கத்தி உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். டிஷ்யூ காகிதத்தை ரிப்பன் போல மடித்து அந்த இடுக்கில் விட்டு உருவுங்கள். பிறகு கத்தியைத் திறந்தபடியே மின்விசிறிக் காற்றில் அரைமணி நேரம் வையுங்கள்.

அடுத்து எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகிச் சிக்கு வாடை அடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். குளியலறை அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். தோல் உறையும் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூடி இறுகும் டப்பாவில், செருப்புப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வைப்பதே என் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதில் ஒருநாள் கூடச் சோம்பக் கூடாது.

இனி முன்வேலை. எண்ணெயைத் துடைத்துவிட்டு, வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி விறைப்பாகப் பிடியுங்கள். தொய்ந்த வாரில் வாய் உருண்டுவிடும். முதலில் வாரோடு சேர்ந்து வரும் துணிப்பட்டையில் இருபது முறை, பிறகு தோலில் நாற்பது ஐம்பது முறை. கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரத் தோலில் படிந்திருக்க, முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். வாரின் முனைக்கு வந்ததும் கத்தியைத் திருப்புவது முதுகின் மேல்தான். மணிக்கட்டைத் திருக வேண்டியதில்லை. பிடியருகே கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினாலே புரண்டுகொள்ளும். அழுத்தம் வேண்டாம், கத்தியின் கனமே போதும். வேகமும் வேண்டாம், சினிமாவில் வரும் சரக் சரக்கெல்லாம் பார்க்கத்தான் அழகு. இந்தத் தீட்டல் புதுக் கூர்மை கொடுப்பதில்லை, கலைந்து வளைந்த நுண்விளிம்பை நேராக்குகிறது, அவ்வளவே.

வார் வாங்கப் பெரியமேட்டுத் தோல் கடைகளில் விசாரிக்கலாம். குரோம் போடாமல், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல், மூன்று அங்குல அகலம் என்று கேளுங்கள். ஒரு காலத்தில் நம் ஊர்த் தோலுக்கு ஆவாரம்பட்டைதான் பதம் கொடுத்தது.

தீட்டியும் மயிரைப் பிடித்து இழுக்கிறதா? அப்போதுதான் தீட்டுக்கல். 8000, பிறகு 12000 கிரிட் (கல்லின் நுண்மையைச் சொல்லும் எண், கூடக் கூட நுண்மை அதிகம்). அங்கேயும் முதுகு கல்லைவிட்டு எழும்பக் கூடாது, கோணத்தைக் காப்பதே அதுதான். ஆனால் கல்லில் வாய் முன்னே போகும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைத் தாராளமாகக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். சுழலும் சக்கரத்தின் சூட்டில் அந்த மெல்லிய வாய் பதம் இழந்துவிடும், பிறகு எந்த வாரும் அதைத் தேற்றாது.