உங்கள் ராசி தெரியாத ஒருவர் படிக்கட்டும்

கேள்வி: வணக்கம் அக்கா. பினாங்கில் இருக்கிறேன், வயது 54. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது இணையவழி ஜோதிட வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். வகுப்பு முடிந்த பிறகும் அந்தப் புலனக் (வாட்ஸ்அப்) குழு ஓடிக்கொண்டிருக்கிறது, இருநூறு பேருக்கு மேல். தினமும் காலையில் வகுப்பு எடுத்த ஐயா பஞ்சாங்கம் போடுவார். அதன் கீழே அன்றைய நட்சத்திரத்தை வைத்து நான் சில வரிகள் எழுதுவேன். இப்போது நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எல்லோரும் புத்தகமாகப் போடுங்கள் என்கிறார்கள். ஐயா முன்னுரை எழுதித் தருவதாகவும், குழுவின் பெயரிலேயே வெளியிடலாம், ஆயிரம் பிரதி அடிக்கலாம் என்றும் சொல்கிறார். ஆனால் எனக்குச் சிம்ம ராசி, அஷ்டமச் சனி நடக்கிறது, முடியும்வரை பொறுக்கச் சொல்லும் ஆட்களும் குழுவில் இருக்கிறார்கள். வீட்டுக்காரரோ, "இதையெல்லாம் யார் படிப்பா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். மூன்று கவிதைகளை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்களுக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் அக்கா என்றே இருக்கட்டும், அந்த உரிமையில் கொஞ்சம் கறாராகப் பேசலாம்.

முதலில் கவிதைகள். மூன்றில் 'சித்திரை' எனக்குப் பிடிக்கவில்லை. "செவ்வாயின் வீரம் உண்டு, சீறிவரும் வேகம் உண்டு" என்று தொடங்கிப் பன்னிரண்டு வரி அப்படியே போகிறது. எதுகை மோனையெல்லாம் சரி, ஆனால் அது வகுப்புக் குறிப்பு. அதில் தப்பில்லை. நம்முடைய ஜோதிட நூல்களே பாட்டாகத்தான் வந்தன. புலிப்பாணி சித்தரின் ஜோதிட நூலைப் புரட்டியவர்களுக்கு அந்த 'கேளப்பா, கூறப்பா' காதிலேயே நிற்கும். மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதற்காகப் பாட்டாகக் கட்டியது அது. குழுவில் இருநூறு கைதட்டல் வாங்கியது 'சித்திரை'தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பாதிப் பேருக்கு யாருக்கு என்ன நட்சத்திரம் என்று தெரியும். தன் நட்சத்திரத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வந்தால் யார்தான் கைதட்டமாட்டார்கள்?

'அஸ்தம்' வேறு ரகம். அதை வாசித்துவிட்டு நான் எழுந்துபோய் ஒரு கோப்பி போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் வாசித்தேன். வாசகர்களும் பார்க்கட்டும்:

துருவுபலகையில் உட்கார்ந்தால்
அம்மா எழுந்திருக்கமாட்டாள்.
ஜெலுத்தோங் வீட்டு அடுப்படி முழுக்க
வெள்ளை.
கல்யாணத்துக்கு முதல் நாள்
நாற்பது தேங்காய்.
மறுநாள் பந்தியில்
அவள் கையை மட்டும் காணோம்,
முந்தானைக்குள்.
சந்திரன் ஆளும் அஸ்தத்தில் பிறந்தோர்க்கு
அள்ளக் குறையாது அன்னம்.

முந்தானைக்குள் ஒளித்த அந்தக் கை! துருவியில் கிழிபட்டதா, வெந்துபோனதா, ஒன்றும் சொல்லவில்லை நீங்கள். சொல்லாததால்தான் அது என்னை விடவில்லை. அஸ்தம் என்றாலே கை, ஐந்து விரல்போல ஐந்து விண்மீன் என்பது தெரிந்தவர்களுக்குத் தலைப்பில் இன்னொரு கதவு திறக்கும். தெரியாதவர்களுக்கும் நஷ்டமில்லை. ஆனால் கடைசி இரண்டு வரி எதற்கு? ஐயா சேர்க்கச் சொன்னார் என்று கடிதத்தின் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். 'முந்தானைக்குள்' என்று முடியட்டும்.

ஜோதிடமும் கவிதையும் சேரக்கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொன்னால் சங்கப் புலவர்களே சண்டைக்கு வருவார்கள். கணியன் என்றால் ஜோதிடர், அதனால் உடனே கணியன் பூங்குன்றனாரைத்தான் எல்லோரும் இழுப்பார்கள், மேடைகளில் அவர் களைத்துப்போய்விட்டார், அவரை விட்டுவிடுவோம். நான் சொல்வது கூடலூர் கிழாரை. புறநானூற்றின் 229ஆம் பாட்டு அவருடையது. பங்குனி மாதம், நள்ளிரவு, வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்து விழுகிறது. வானசாஸ்திரம் தெரிந்தவர் அவர். பார்த்ததும் தங்கள் சேர அரசன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு என்று மனம் பதறுகிறது. அவன் நோயில்லாமல் இருந்தால் போதுமே என்று வேண்டிக்கொள்கிறார்கள். ஏழாம் நாள் அரசன் இறந்துபோகிறான். கணித்தது பலித்துவிட்டது.

இனி பாட்டைப் பாருங்கள். முதல் சில வரிகள் முழுக்க நட்சத்திர நிலை. எது உச்சியில், எது சாய்கிறது, எது எழுகிறது என்று. உரை இல்லாமல் எனக்கு இன்றைக்கும் அது புரியாது. உங்கள் ஐயாவுக்குப் புரியலாம். அரசன் இறந்த நாளுக்கு வரும்போது புலவர் கணக்கையெல்லாம் விட்டுவிடுகிறார். யானை தும்பிக்கையைத் தரையில் வைத்துக் கிடக்கிறது. முரசின் கண் கிழிந்து உருள்கிறது. வெண்கொற்றக்குடை காம்பு ஒடிந்து கிடக்கிறது. காற்றாய்ப் பறக்கும் குதிரைகள் நடையில்லாமல் நிற்கின்றன. இந்த இடத்துக்கு எந்த உரையும் வேண்டியதில்லை. கிழார் தன் கணிப்பு பலித்ததைப் பற்றிப் பெருமையாக ஒரு சொல்கூட விடவில்லை. யானையின் கையைத்தான் பார்த்தார். தும்பிக்கைக்கு அந்தப் பாட்டில் 'கை' என்றுதான் இருக்கிறது. உங்கள் 'அஸ்தம்' படித்தபோது எனக்கு அது ஞாபகம் வந்தது.

ஆகவே நூற்றுச் சொச்சக் கவிதைகளையும் ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். அப்புறம் அச்செடுத்து, காகிதத்தில் வாசித்து, எதில் ஓர் ஆள், ஓர் இடம், ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிகிறதோ அதை மட்டும் தனியே எடுங்கள். முப்பது நாற்பது தேறினால் பெரிய விஷயம். 27 நட்சத்திரத்துக்கும் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று ஓட்டையை அடைக்க எழுதாதீர்கள், அது அப்பட்டமாகத் தெரியும். எடுத்ததை, ஜோதிடத்தில் ஆர்வமே இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாராவது இருப்பார், கவிதை வாசிக்கும் பழைய தோழி இருப்பார். உங்கள் ராசி என்ன என்று அவருக்குத் தெரியக்கூடாது. எந்த இடத்தில் கண் நகர்ந்துவிட்டது என்று மட்டும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

அடுத்து சனி. நம்பிக்கை உங்கள் விஷயம், அதில் நான் கை வைக்க மாட்டேன். என் அம்மாவும் நாள் பார்க்காமல் ஊறுகாய்கூடப் போடமாட்டார். ஆனால் சனி எப்போது உங்கள் சிம்மத்துக்கு எட்டாம் இடமான மீனத்துக்குப் போனார் என்பதிலேயே பஞ்சாங்கங்களுக்குள் சண்டை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கத்தில் அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2026 மார்ச்சில். எந்தக் கணக்கில் எடுத்தாலும் தொடங்கியதிலிருந்து முடிய ஏறக்குறைய இரண்டரை வருடம். அதுவரை பெட்டிக்குள் வைத்திருந்து என்ன ஆகப்போகிறது? சனி பகவான் கேட்பது பொறுமையும் உழைப்பும் என்று உங்கள் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்களே. முப்பது கவிதைக்குப் பிழைதிருத்தம் பார்ப்பதைவிட அவருக்குப் பிடித்த வேலை வேறென்ன இருக்கும்?

வெளியீட்டுக்கு ஞாயிறு மதியம் மூன்று மணி வையுங்கள். தமிழ்நாட்டுக் காலண்டரைப் பார்த்து நாலரை முதல் ஆறு ராகுகாலம் என்று இங்கேயும் சிலர் சொல்வார்கள். காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊர்க் கணக்கு அது. நமக்கு உதிப்பதே ஏழுக்கு மேல், 1982 ஜனவரி 1ல் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதிலிருந்து இன்னும் தாமதம். ஆக இங்கே ராகுகாலம் ஆறு மணியை ஒட்டித்தான் வரும். மூன்று மணி இரண்டு கணக்குக்கும் தப்பிக்கும், பேச்சாளர்கள் நேரத்தோடு முடித்தால். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்கள் மட்டும் வேண்டாம். பினாங்கில் அப்போது தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகாமல் உங்கள் மண்டபத்துக்கு யார் வருவார்கள்?

ஆயிரம் பிரதி என்ற பேச்சைக் கேட்டதும் எனக்கு முதுகு சில்லிட்டது. என் முதல் தொகுப்பை நான் ஆயிரம்தான் அடித்தேன். கூட அடித்தால் ஒரு பிரதிக்கு விலை குறையும் என்று அச்சகத்தில் சொன்னார்கள், அது உண்மையும்கூட. வெளியீட்டு அன்று நூற்றைம்பது போனது. மீதி கட்டிலுக்குக் கீழே. நம் ஊர் ஈரத்துக்கு முதலில் அட்டை வளைந்தது, அடுத்த வருடம் கரையான் வந்தது. ஒரு பெட்டியைத் திறந்தபோது 'நிலவு' என்ற கவிதை இருந்த பக்கம் மட்டும் வட்டமாக அரித்திருந்தது. விமர்சனம் எழுதத் தெரிந்த கரையான்! நீங்கள் இருநூறோடு நிறுத்துங்கள். இப்போது டிஜிட்டல் அச்சில் குறைந்த எண்ணிக்கையும் அடித்துத் தருகிறார்கள். தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம். குழுவில் "எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க" என்று சொல்பவர்களிடம் முன்பணம் கேளுங்கள். இருநூறு பேரில் எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்தால் போதும்.

குழுவின் பெயரில் வெளியிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி அச்சகத்தின் பெயரும் முகவரியும், பதிப்பாளரின் பெயரும் முகவரியும் புத்தகத்தில் இருக்க வேண்டும். பதிப்பாளர் என்று போட்டவர்தான் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஒரு புலனக் குழுவுக்கு ஏது முகவரி? நீங்களே பதிப்பாளராக இருங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து வாங்கலாம், சொந்தமாகப் பதிப்பிக்கும் எழுத்தாளருக்கும் தருகிறார்கள், கட்டணம் கிடையாது. புத்தகம் வந்ததும் ஐந்து பிரதியை அங்கே ஒப்படைக்க வேண்டும், அதற்கு 1986ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. கவிதைகளின் உரிமை எழுதிய உங்களுடையது. குழுவில் போட்டதால் அது குழுவுக்குப் போய்விடாது.

ஐயாவின் மனம் நோகும் என்று பயப்படுகிறீர்கள், கடிதத்தில் சொல்லாவிட்டாலும் தெரிகிறது. முன்னுரை வேண்டாம், வாழ்த்துரை ஒரு பக்கம் கேளுங்கள். அவர் தினமும் பஞ்சாங்கம் போட்டிருக்காவிட்டால் இந்தக் கவிதைகள் பிறந்திருக்காது. அந்த நன்றியை முதல் பக்கத்தில் பெயர் சொல்லிப் போடுங்கள், வெளியீட்டில் முதல் நூலை அவர் கையில் கொடுங்கள். டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் யாரையாவது அழைத்து, அவர் தரும் பண உறைக்காகக் காத்திருந்து, நாலு மணி ஆகியும் வராமல் வடை ஆறிப்போவதைவிட இது எவ்வளவோ மேல். பின்னட்டையில் ஐயாவின் படம் மட்டும் வேண்டாம்.

இன்னும் ஒன்று, சின்ன விஷயம்தான், ஆனால் பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள். கைப்பேசியிலிருந்து நகலெடுத்து அனுப்பும் தமிழ், பக்கம் கட்டும் இடத்தில் சில சமயம் உடைந்துவிடும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், 'கை' என்பதில் இணைக்கொம்பு தனியாகக் கழன்று தொங்கும். திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். ஒரு பிரதி காகிதத்தில் கேட்டு வாங்கி, அளவுகோலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு வருவோம். யார் படிப்பார் என்று அவர் கேட்டதில் கோபப்பட ஒன்றுமில்லை. கவிதைத் தொகுப்பு போட்ட ஒவ்வொருவர் வீட்டிலும் யாராவது ஒருவர் அதைக் கேட்டிருப்பார். நீங்கள் அவரிடம் காட்டியது எது, 'சித்திரை'யா? அப்படியானால் தப்பு உங்கள் மேல். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், கடைசி இரண்டு வரியை வெட்டிவிட்டு 'அஸ்தம்' வாசித்துக் காட்டுங்கள். அந்த நாற்பது தேங்காய் உங்கள் கல்யாணத்துக்குத் துருவியதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்தானே.