மில்லில் உள்ள 1010 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டருக்கு ஆயிலும் ஃபில்டரும் நாமே மாற்றலாமா? பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

மாற்றலாம். விவரம் தெரிந்த ஃபிட்டர் ஒருவர், எலக்ட்ரீஷியன் ஒருவர், கை உதவிக்கு ஒருவர் இருந்தால் அரை நாள் வேலை. ஆனால் காருக்கு ஆயில் மாற்றிய பழக்கத்தோடு இதைத் தொடாதீர்கள். காரில் நாலைந்து லிட்டர்தான். இங்கே ஒரு பேரலில் மூன்றில் இரண்டு பங்கு. காரில் சாவியை எடுத்துவிட்டால் போதும். இங்கே லைன் கரண்ட் போன சில விநாடிகளில் யாரும் தொடாமலே எஞ்சின் ஓட ஆரம்பித்துவிடும்.

1010 கே.வி.ஏ. செட்களில் பரவலாக இருக்கும் கம்மின்ஸ் கே.டி.ஏ.38 எஞ்சினை வைத்துச் சொல்கிறேன். 12 சிலிண்டர், 38 லிட்டர், 1500 ஆர்.பி.எம்., 24 வோல்ட் ஸ்டார்ட்டர். ஃபில்டர்களையும் சேர்த்துச் சுமார் 135 லிட்டர் ஆயில் பிடிக்கும். உங்களுடையது வேறு கம்பெனி எஞ்சின் என்றால் அளவுகளை அதன் மேனுவலில் பாருங்கள். வேலை செய்யும் முறை பெரிதாக மாறாது.

இந்த வேலையில் ஆளுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் ஆயிலை வடிக்கும்போது இல்லை. எஞ்சினைச் சரியாகப் பூட்டாமல் கை வைக்கும் நேரத்திலும், முடித்துவிட்டு முதல் முறை ஸ்டார்ட் செய்யும் அரை நிமிடத்திலும்தான். அதனால் அந்த இரண்டையும் விரிவாகவே எழுதுகிறேன்.

மில்களில் ஏ.எம்.எஃப். பேனல் (லைன் கரண்ட் போனதும் செட்டைத் தானாக ஸ்டார்ட் செய்யும் பேனல்) ஆட்டோவில்தான் இருக்கும். அதை "ஆஃப்" செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. ஷிஃப்ட் மாறி வரும் ஆள், செட் ஓடவில்லையே என்று திரும்ப ஆட்டோவில் போட்டுவிடுவார். எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கி வைப்பதும் பூட்டு ஆகாது, யார் வேண்டுமானாலும் திருகி விடுவிக்கலாம். கண்ட்ரோலரை ஸ்டாப்பில் வைத்து, பேட்டரி சார்ஜரை அணைத்து, பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். சார்ஜர் ஓடும்போது கேபிளைக் கழற்றினால் பொறி பறக்கும். பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் நிற்கும் இடம் அது. கழற்றிய முனையை இன்சுலேஷன் டேப் சுற்றித் தனியாகக் கட்டிவையுங்கள்.

ஜெனரேட்டர் பிரேக்கரைத் திறந்து, இழுக்கும் வகையென்றால் வெளியே இழுத்துப் பூட்டுப் போடுங்கள். இன்னொரு செட்டோடு சிங்க்ரனைஸ் ஆகும் (சேர்ந்து ஓடும்) அமைப்பென்றால் இரண்டுக்கும் பொதுவான பஸ்பாரில் இருந்து திரும்பி வரும் மின்சாரத்துக்கு இது ஒன்றுதான் தடுப்பு. பலர் மறப்பது ஹீட்டர்களை: கூலன்ட்டைச் சூடாக வைக்கும் ஜாக்கெட் ஹீட்டரும், ஆல்டர்னேட்டர் ஸ்பேஸ் ஹீட்டரும் வெளிச் சப்ளையில் ஓடுபவை. எஞ்சின் நின்றிருந்தாலும் அவற்றில் கரண்ட் இருக்கும். அவற்றின் எம்.சி.பி. சுவிட்சுகளையும் இறக்குங்கள். பூட்டின் சாவி, எஞ்சின் மேல் கை வைத்து வேலை செய்பவரின் பையில் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் மேஜையில் இருக்கக்கூடாது.

பூட்டுவதற்கு முன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்க வேண்டும். கூலன்ட் 60 டிகிரிக்கு வரும்வரை ஓட்டி, லோடை எடுத்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் லோடில்லாமல் ஓடவிட்டு நிறுத்துங்கள். டர்போ பேரிங்குக்கு அந்த ஓய்வு தேவை. ஆறிய எஞ்சினில் வடித்தால் கரியும் கசடும் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியின்) அடியிலேயே தங்கிவிடும். முழு லோடில் ஓடி நின்ற உடனே திறந்தால் 90 டிகிரிக்கு மேற்பட்ட ஆயில் முழங்கைவரை வழியும். 60 டிகிரியில்கூட சில விநாடிகளில் தோல் வெந்துவிடும். ஆகவே நீளமான நைட்ரைல் கையுறை, முகத்துக்கு ஷீல்டு, முழுக்கை காட்டன் சட்டை அவசியம். ரேடியேட்டர் மூடியை இந்த வேலையில் தொடவே தேவையில்லை. பழைய ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் அபாயம் உண்டு. டீசலில் கை கழுவும் வழக்கத்தை விடுங்கள், சோப்பு போதும்.

வடிக்க சுத்தமான 200 லிட்டர் பேரல் ஒன்றும், கை பம்ப் அல்லது சின்ன கியர் பம்ப்பும் வேண்டும். செட்டின் அடிச்சட்டத்துக்குள் பேரல் நுழையாது. டிரெயின் பிளக்குக்குக் கீழே தாழ்வான ட்ரே வைத்து அதிலிருந்து பம்ப் செய்வார்கள். ட்ரே 20 லிட்டர், சம்ப்பில் அதைப்போல் பல மடங்கு, பம்ப் ஒரு நிமிடம் நின்றால் தரையெல்லாம் ஆயில். டிரெயின் இடத்தில் பால் வால்வும் ஹோஸும் நிரந்தரமாகப் பொருத்தியிருப்பது எவ்வளவோ மேல். ஆனால் வால்வின் வாயில் பிளக் போட்டு, கைப்பிடியைக் கம்பியால் கட்டியிருக்க வேண்டும். அதிர்விலோ யாராவது காலால் இடித்தோ அது திறந்தால் எஞ்சின் அன்றோடு முடிந்தது. பக்கத்தில் ஒரு சட்டி மணலும், ஒரு டி.சி.பி. (உலர் பவுடர்) அல்லது ஃபோம் எக்ஸ்டிங்குயிஷரும் இருக்கட்டும்.

பாதி வடிந்த நிலையில், ஓடிவரும் ஆயிலில் 100 மில்லி பிடித்து மூடிவையுங்கள். முதலில் வருவதும் கடைசியில் வருவதும் கசடு, அவை சரியான சாம்பிள் ஆகாது. லேபில் 100 டிகிரியில் விஸ்காசிட்டி (ஆயிலின் கெட்டித்தன்மை), டி.பி.என். (அமிலத்தை முறிக்க ஆயிலில் மீதமுள்ள சக்தி), கரி, தண்ணீர், டீசல் கலப்பு, உலோகங்கள் பார்ப்பார்கள். 15டபிள்யூ-40 புது ஆயில் 12.5க்கும் 16.3 சென்டிஸ்டோக்குக்கும் இடையில் இருக்கும். டீசல் கலந்தால் இறங்கும், கரி சேர்ந்தால் ஏறும். சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசு போகிறது. சோடியம் ஏறினால் கூலன்ட் கசிவைச் சந்தேகியுங்கள். ஈயமும் செம்பும் சேர்ந்து ஏறினால் பேரிங். செம்பு மட்டும் என்றால் ஆயில் கூலரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் லேபுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த நிலையில் புது ஆயில் ஊற்றுவது வீண்.

டிரெயின் பிளக்கின் செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

இனி ஃபில்டர். இந்த எஞ்சினில் ஆயில் முழுவதும் கடந்து போகும் முழு ஓட்ட ஃபில்டர் நான்கு, அதில் ஒரு பகுதியை மட்டும் வடிகட்டும் பைபாஸ் ஃபில்டர் இரண்டு. எல்லாம் திருகிக் கழற்றும் வகை. செயின் ரிஞ்சோ பெல்ட் ரிஞ்சோ போட்டுத் தளர்த்தி, கீழே ட்ரே வைத்துக் கையால் இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் சில லிட்டர் ஆயில் நிற்கும், கனமாக இருக்கும். ஏணியில் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் பிடிக்காதீர்கள்.

கழற்றிய ஒவ்வொரு ஃபில்டரிலும் அதன் ரப்பர் காஸ்கெட் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இந்த வேலையிலேயே அதிகம் நடக்கும், அதிகம் சேதம் செய்யும் தவறு இதுதான். பழைய காஸ்கெட் சூட்டில் ஃபில்டர் ஹெட்டோடு (ஃபில்டர் திருகி ஏறும் எஞ்சின் பாகத்தோடு) ஒட்டிக்கொள்ளும். கறுப்பு ஆயிலுக்குள் கறுப்பு ரப்பர், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புது ஃபில்டரை ஏற்றினால் இறுகியதுபோல் இருக்கும், ஐட்லிங்கில் ஒரு சொட்டுகூடக் கசியாது. 1500 ஆர்.பி.எம்.முக்குப் போய் பிரஷர் ஏறியதும் இரண்டு காஸ்கெட்டில் ஒன்று பிதுங்கும். சூடான ஆயில் டர்போ மேலும் எக்ஸாஸ்ட் மேலும் பீய்ச்சி அடித்துத் தீப்பிடிக்கலாம். தீப்பிடிக்காவிட்டாலும் சில நிமிடங்களில் சம்ப் காலி. கழற்றிய ஃபில்டர் ஆறு, அவற்றோடு வந்த காஸ்கெட்டும் ஆறு என்று தரையில் வரிசையாக வைத்து எண்ணிவிட்டுத்தான் புதியதை எடுக்க வேண்டும்.

ஹெட்டைத் துடைக்க நம் ஊரில் கையில் கிடைப்பது பனியன் வேஸ்ட். தரைக்கும் வெளி உடம்புக்கும் அது சரி. ஆயில் போகும் வாய்க்குள் வேண்டாம். அதன் நூல் பிரிந்து உள்ளே போனால் பிஸ்டன் கூலிங் நாசில் அடைக்கும். நூல் பிரியாத துணியால் துடையுங்கள்.

புது ஃபில்டரில் ஆயில் நிரப்பிப் பொருத்துவதா, காலியாகவா? கம்மின்ஸ் கே வகையில் நிரப்பித்தான் பொருத்தச் சொல்கிறார்கள். கேட்டர்பில்லர் மேனுவல்கள் நிரப்பாதே என்கின்றன. நிரப்பும் ஆயிலோடு அழுக்கு போகும் என்பது அவர்கள் கவலை. உங்கள் எஞ்சினின் மேனுவல் சொல்வதுதான் முடிவு. நிரப்புவதானால் ஓரத்தில் உள்ள சிறு ஓட்டைகள் வழியாக மெதுவாக ஊற்றுங்கள். நடு ஓட்டை வடிகட்டிய ஆயில் வெளியேறும் வழி. அதில் ஊற்றுவது வடிகட்டாமல் நேரே பேரிங்குக்கு அனுப்புவதுதான். காஸ்கெட்டில் புது ஆயிலைத் தடவி, ஹெட்டைத் தொடும்வரை திருகி, அதற்கு மேல் முக்கால் முதல் ஒரு சுற்று கையாலேயே இறுக்குங்கள். ரிஞ்ச் போட்டு இறுக்கினால் காஸ்கெட் நசுங்கும், அடுத்த முறை கழற்றும்போது தகரம் கிழியும்.

பழைய ஃபில்டரில் ஒன்றையாவது வெட்டிப் பாருங்கள். ஹேக்சா வேண்டாம், அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். ஃபில்டர் கட்டர் என்று தனியாகக் கிடைக்கிறது. மடிப்புக் காகிதத்தைப் பிழிந்து விரித்து வெயிலில் பாருங்கள்: காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுங்கினால் பேரிங். ஓரிரு பொடி சாதாரணம். செதில் செதிலாக வந்தால் ஸ்டார்ட் செய்யாமல் சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

டீசல் ஃபில்டருக்கு வால்வை மூடி, அடியில் தண்ணீர் வடித்து, புதியதில் சுத்தமான டீசல் நிரப்பி, காஸ்கெட் தொட்டபின் அரை முதல் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். இது கம்மின்ஸின் பழைய பி.டி. வகை டீசல் பம்ப் உள்ள எஞ்சினுக்குப் பொருந்தும். காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ஹை பிரஷர் குழாயிலிருந்து டீசல் போகும் வகையில்) ஃபில்டரைக் கையால் நிரப்பும் பழக்கம் கூடாது, பிரைமிங் பம்ப்பைப் பயன்படுத்துங்கள். ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்திக் காற்று எடுக்கவே கூடாது. அங்கே 1000 பாருக்கும் மேல் பிரஷர். ஊசிமுனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்தும். வலி குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

ஏர் ஃபில்டரை ஓடிய மணிக் கணக்கை வைத்து மாற்றாமல், அடைப்பைக் காட்டும் ரெஸ்டிரிக்‌ஷன் இண்டிகேட்டரைப் பார்த்து மாற்றுங்கள்; 25 அங்குல நீர் அளவுக்கு வந்தால் மாற்றலாம். கம்ப்ரஸர் காற்றால் அடித்துத் திரும்பப் போடாதீர்கள், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஸ்பின்னிங் மில்லென்றால் பஞ்சு ரேடியேட்டர் முகத்தை மூடியிருக்கும். எஞ்சின் பூட்டியிருக்கும்போதே அதையும் சுத்தம் செய்துவிடுங்கள். எஞ்சின் உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதரையும் மறக்க வேண்டாம். அது அடைத்தால் உள்ளே பிரஷர் ஏறி, நல்ல ஆயில் சீல்கூடக் கசியும்.

ஆயில் 15டபிள்யூ-40, சி.ஐ.-4 தரம் அல்லது மேனுவல் கேட்கும் தரம். வெயில் மழையில் நிமிர்த்தி வைத்த பேரலின் மூடிமேல் தண்ணீர் தேங்கி, இரவில் பேரல் ஆறும்போது உள்ளே உறிஞ்சப்படும். பேரலைப் படுக்க வைத்தோ கூரைக்கு அடியிலோ வையுங்கள். டிப்ஸ்டிக்கில் மேல் குறிக்குச் சற்றுக் கீழே வரும்வரை ஊற்றி நிறுத்துங்கள். அதிகம் ஊற்றினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், பிரஷர் நிலையாக நிற்காது.

இப்போது அந்த அரை நிமிடம். உள்ளே கிடந்த துணி, ஸ்பேனர், ட்ரே எல்லாவற்றையும் எண்ணி எடுத்து, பாதுகாப்புத் தடுப்புகளை (கார்டு) திரும்ப மாட்டிய பிறகே பேட்டரியை இணையுங்கள், நெகட்டிவ் கடைசியில். கண்ட்ரோலர் ஆட்டோவில் இல்லாமல் மேனுவல் மோடில் இருக்கட்டும். முதலில் டீசல் போகாமல் கிராங்க் செய்து (ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிட்டு) ஆயில் பிரஷரை வரவழைக்க வேண்டும். அதற்கு, டீசலைத் திறந்துவிடும் மின் வால்வான ஃப்யூயல் சோலினாய்டின் வயரைக் கழற்றுங்கள். சோலினாய்டில் கையால் திருகும் ஓவர்ரைடு குமிழ் உண்டு. அது முழுக்க வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே திருகியிருந்தால் வயர் இல்லாமலே எஞ்சின் கிளம்பும், ஸ்டாப் பட்டனுக்கும் நிற்காது. 15 முதல் 30 விநாடி கிராங்க், பிறகு இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படியே கேஜில் முள் எழும்வரை. ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றினால் எரிந்துபோகும்.

வயரை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஒருவர் கண் பிரஷர் கேஜில், ஒருவர் கை எமர்ஜென்சி ஸ்டாப்பில் இருக்க வேண்டும். 15 விநாடிக்குள் பிரஷர் வராவிட்டால் நிறுத்துங்கள். ஐட்லிங்கில் 20 பி.எஸ்.ஐ.க்குக் குறையக்கூடாது, முழு வேகத்தில் 45க்கு மேல் நிற்க வேண்டும். ஃபில்டருக்கு நேர் எதிரே யாரும் நிற்க வேண்டாம். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துக் கசிவு பாருங்கள். ஐட்லிங்கில் பார்த்ததோடு விடாமல் 1500 ஆர்.பி.எம்.மிலும் பாருங்கள். நிறுத்தி 15 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, குறைந்ததை ஊற்றிய பிறகுதான் ஆட்டோவில் போட வேண்டும். மணி மீட்டர், ஊற்றிய லிட்டர், ஃபில்டர் நம்பர், தேதியை லாக் புக்கில் எழுதுங்கள். அடுத்தது 250 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. ஸ்டாண்ட்பை செட் ஓடவே இல்லை என்றாலும் ஆறு மாதக் கணக்கு மாறாது, நிற்கும் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும். இடையில் டிப்ஸ்டிக்கில் அளவு தானாக ஏறினால் மகிழ வேண்டாம். டீசலோ கூலன்ட்டோ உள்ளே இறங்குகிறது.

பழைய ஆயில் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அட்டவணை 1இல் 5.1 என வரும் கழிவு. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவருக்கு மட்டும் படிவம் 10 மேனிஃபெஸ்டோடு (கழிவை அனுப்பும் ஆவணத்தோடு) கொடுக்க வேண்டும். சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்பவருக்கும் பாய்லரில் எரிக்கக் கேட்பவருக்கும் கொடுப்பது சட்டப்படி உங்கள் தவறு ஆகும். ஃபில்டர்களைக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு, ஆயில் பட்ட துணியோடு சேர்த்து மூடியுள்ள தகர டிரம்மில் தனியாக வையுங்கள்.

செட் இன்னும் வாரண்டியில் இருந்தால் மட்டும், தொடும் முன் டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரிஜினல் ஃபில்டரின் பில்லையும் ஆயில் பில்லையும் லாக் புக்கோடு பத்திரப்படுத்துங்கள். கிளெய்ம் வரும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதங்கள்தான்.