ஆரம் தெரியாமல் கோணத் திசைவேகத்தைக் கணக்கிட முடியுமா?

கேள்வி: வட்டத்தில் சுற்றும் புள்ளியின் கோணத் திசைவேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆரம் தராவிட்டால் கணக்குப் போட முடியாதா?

தாராளமாகப் போடலாம். எவ்வளவு கோணம் திரும்பியது, அதற்கு எத்தனை விநாடி ஆனது, இந்த இரண்டும் போதும்; கோணத்தை விநாடியால் வகுத்தால் அதுதான் கோணத் திசைவேகம். பதினொன்றாம் வகுப்பில் எனக்கும் இதே குழப்பம்தான். ஆரம் இல்லாத கணக்கைப் பார்த்தால் கையே ஓடாது. எங்கள் ஊர்க் களத்தை நினைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். அறுவடை மிஷின் வருவதற்கு முன்னால், தை மாதம் சம்பா அறுத்துக் கட்டடித்த பிறகும் தாளில் கொஞ்சம் நெல் ஒட்டியிருக்கும். அதை உதிர்க்க நாலைந்து மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகப் பிணைத்து, வைக்கோல் மேல் சுற்றிச் சுற்றி விடுவார்கள். உள்பக்கம் கட்டுவது கிழட்டு மாடு. அது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும். வெளிப்பக்கம் இளங்காளை. அது எட்டி நடந்தால்தான் வரிசை கோணாது. சித்தப்பா அதைத்தான் தட்டிக்கொண்டே போவார், உள்மாட்டைத் தொடவே மாட்டார்.

ஒரு சுற்றுக்கு 25 விநாடி என்று வைத்துக்கொள்வோம். கோணத்தை ரேடியன் என்ற அலகில் அளந்தால், முழுச் சுற்று 2 பை ரேடியன், ஏறத்தாழ 6.28. அதை 25ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.25 ரேடியன். கிழட்டு மாட்டுக்கும் இதுதான், காளைக்கும் இதுதான், ஏனென்றால் ஒரே வரிசையாகத்தான் திரும்புகின்றன. நடை வேகம் என்ன என்று கேட்டால்தான் ஆரம் வேண்டும். மையத்திலிருந்து 1.5 மீட்டரில் இருக்கும் மாடு விநாடிக்கு 0.38 மீட்டர் போகிறது; 4 மீட்டரில் இருப்பது 1 மீட்டர் போகிறது. வேகமும் ஆரமும் மட்டும் கொடுத்திருந்தால், வேகத்தை ஆரத்தால் வகுத்துவிடுங்கள்.

பாகையில் மட்டும் கவனமாக இருங்கள். இதே சுற்று விநாடிக்கு 14.4 பாகை. அதை அப்படியே 4ஆல் பெருக்கினால் 57.6 மீட்டர் வரும், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல்! எந்த மாடும் அப்படி ஓடாது. ஆரத்தால் பெருக்குமுன் ரேடியனுக்கு மாற்றியே ஆக வேண்டும். வேகம் சீராக இல்லையென்றால் இந்த வகுத்தல் சராசரியைத்தான் தரும், அதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், பெல்ட் போட்ட பம்புசெட்டில் கதை நேர் எதிர். அங்கே இரண்டு புல்லிகளின் விளிம்பு வேகம்தான் ஒன்று, கோணத் திசைவேகம் வேறு. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் விநாடிக்கு 24 சுற்று, அதாவது சுமார் 151 ரேடியன். மோட்டார் புல்லி 10 சென்டிமீட்டர் விட்டம், பம்பு புல்லி 15 என்றால், பெல்ட் வழுக்காத வரை பம்பு 960 சுற்றுதான் சுற்றும். விநாடிக்கு 100 ரேடியனை ஒட்டி வரும். ஆரங்களை வைத்து விளிம்பு வேகத்தைப் போட்டுப் பாருங்கள், இரண்டு புல்லிக்கும் விநாடிக்கு 7.5 மீட்டர்தான் வரும்.