போகன்வில்லா இலையாகவே வளர்கிறதா?

கேள்வி: மொட்டை மாடியில் தொட்டியில் போகன்வில்லா (காகிதப்பூ) வளர்க்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், மாதாமாதம் மண்புழு உரமும் வைக்கிறேன். கொடி தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. என்ன சத்து குறைகிறது?

பதில்: எதுவும் குறையவில்லை, கூடிப்போயிருக்கிறது. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைக்கும்வரை போகன்வில்லா இலையும் முள்ளுமாகத்தான் நீளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தில், வரும் முள்ளும் பூங்கொத்தும் ஒரே மொட்டிலிருந்து கிளம்புபவைதான். செடி சொகுசாக வளர்ந்தால் அது முள்ளாகிவிடும். நல்ல வெயிலும் கொஞ்சம் வறட்சியும் இருந்தால் பூவாகும்.

அதனால் முதலில் தினசரித் தண்ணீரை நிறுத்துங்கள். மேல்மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். இலை லேசாகத் துவண்ட பிறகு, தொட்டியின் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள். மறுபடி துவளும்வரை காத்திருங்கள். மூன்று நான்கு வாரம் இப்படிச் செய்தால் பெரும்பாலும் மொட்டு தெரியும். இலை கருகும் அளவுக்குக் காயவிட வேண்டாம், அது பட்டினி போடுவதாகிவிடும்.

உரத்தையும் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். மொட்டு வந்தபின் சாம்பல்சத்து அதிகமுள்ள உரம் கொஞ்சம் கொடுத்தால் போதும்.

மாடிதான் என்றாலும் சுவர் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். தினமும் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். அது இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

அப்புறம் கவாத்து. பூப்பது புதுத் தளிரில்தான். ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடலாம். மொட்டு வைக்கும் நேரத்தில் கத்தரி எடுத்தால் அந்தச் சுற்றுப் பூவே போய்விடும். நாம் பூ என்று ரசிக்கும் வண்ண இதழ்கள் உண்மையில் பூவடிச் செதில்கள், அதாவது பூவை ஒட்டி வரும் ஒருவகை இலைகள். நடுவில் குழல்போல இருக்கும் சின்ன வெள்ளைப் பூக்கள்தான் நிஜப் பூ. செதில்கள் உதிராமல் நிறைய நாள் நிற்பது அதனால்தான்.

தொட்டியை மாற்ற அவசரப்படாதீர்கள். வேர் நெருக்கமாக இருந்தால் போகன்வில்லா நன்றாகவே பூக்கும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஓர் அளவு பெரிய தொட்டி போதும், வேர்க்கட்டி உடையாமல் அப்படியே எடுத்து வையுங்கள். மெல்லிய வேர்கள், அறுந்தால் செடி தேற வெகுநாள் பிடிக்கும்.