பாஸ்போர்ட் பெட்டியில், எமிரேட்ஸ் ஐடி சட்டைப்பையில்

கேள்வி: என் தம்பி ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியன். ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை கிடைத்து அடுத்த மாதம் புறப்படுகிறான். போய் இறங்கியதும் கம்பெனியே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், அதுதான் பாதுகாப்பு என்கிறார் ஏஜென்ட். பாஸ்போர்ட் கையில் இல்லாமல் ரோட்டில் நடந்தால் போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வது சரி? அவன் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்?
ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இருவர் சொல்வதும் சரியில்லை. தொழிலாளியின் பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைத்துக்கொள்வதற்கு அமீரகச் சட்டத்தில் இடமில்லை. அதே சமயம், பாஸ்போர்ட்டைத் தினமும் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே குடியிருப்பவருக்கு அன்றாட அடையாளம் எமிரேட்ஸ் ஐடி என்ற அட்டைதான். பழைய வளைகுடாக்காரர்கள் 'பத்தாக்கா' என்பது இந்த மாதிரி அட்டையைத்தான். போலீஸ் கேட்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், சிம் வாங்கினாலும், பேங்கில் கணக்குத் திறந்தாலும் காட்ட வேண்டியது அதுதான். அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் அறையில், அவருடைய சொந்தப் பெட்டியில், பூட்டுக்குள் இருக்கட்டும்.

ஆனால் போய் இறங்கிய அன்றே அந்த அட்டை கிடைத்துவிடாது. சிக்கல் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். வேலைக்கான நுழைவு அனுமதியில் உள்ளே போகிறவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மருத்துவப் பரிசோதனை, கைரேகை, குடியிருப்பு விசா, அட்டை எல்லாம் முடிய வேண்டும். இந்த நாட்களில் வெளியே போகும்போது பாஸ்போர்ட்டின் முதல் பக்க, கடைசிப் பக்க நகல், நுழைவு அனுமதியின் நகல், எமிரேட்ஸ் ஐடிக்கு விண்ணப்பித்த ரசீது ஆகிய மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். கம்பெனியில் அரசாங்க வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.வின் போன் நம்பரையும் அந்த உறைக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டும். செல்போன் சார்ஜ் தீர்ந்த நேரத்தில் காகிதம்தான் பேசும்.

கைரேகை விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. சிமெண்டிலும் கம்பியிலும் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் ரேகையைப் பிடிக்காமல் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லும், சிலரை வேறொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். போவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே ராத்திரியில் விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி வந்தால் ரேகை கொஞ்சம் தெளியும். பதிவுக்குப் போகிற காலையில் மட்டும் எண்ணெய்ப் பசை இல்லாமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

இனி, ஏஜென்ட் சொன்னதற்கு வருவோம். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், அதாவது 33ஆம் எண் சட்டம், 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியின் அதிகாரபூர்வ ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று அதன் 13ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. 'பத்திரமாக இருக்கட்டும்', 'எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள்' என்பதெல்லாம் சட்டத்தின் முன் நிற்காது. விசா வேலைக்காகப் பாஸ்போர்ட்டைச் சில நாள் கேட்பது வேறு விஷயம், அதைக் கொடுக்கலாம். ஆனால் முன்பு பாஸ்போர்ட்டுக்குள் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதற்காக வாங்கி வைத்தார்கள். அந்த ஸ்டிக்கர் 2022இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று குடியிருப்பு விவரம் கணினியிலும் எமிரேட்ஸ் ஐடியிலும்தான் இருக்கிறது. ஆகையால் மாதக்கணக்கில் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க 'விசா அடிக்க வேண்டும்' என்ற பழைய காரணம் இனி செல்லாது.

கொடுக்கும்போது எப்படிக் கொடுப்பது என்பது முக்கியம். பாஸ்போர்ட் எண், கொடுத்த தேதி, என்ன வேலைக்காக, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று நாலு வரி எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்துக் கேட்க வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்கினால், 'இன்று என் பாஸ்போர்ட்டை விசா வேலைக்காக உங்களிடம் கொடுத்திருக்கிறேன்' என்று அவர் போனுக்கே ஒரு மெசேஜ் அனுப்பினாலும் போதும். அது நாளைக்குச் சாட்சி. சொன்ன தேதி தாண்டினால் முதலில் மரியாதையாகக் கேட்கட்டும். அப்படியும் வரவில்லையென்றால் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் புகார் எண் 80084. நம் தூதரகத்தின் சார்பில் துபாயில் இயங்கும் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற வெளிநாடுவாழ் இந்தியர் உதவி மையத்தின் இலவச எண் 80046342. இந்த இரண்டு எண்களையும் தம்பியின் போனில் இப்போதே பதிந்து அனுப்புங்கள்.

'சேர்ந்த முதல் நாளே சண்டை போட்டால் வேலை என்னாவது?' என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அது நியாயமான பயம். இதில் சண்டைக்கு வேலையில்லை. 'ஊரில் பேங்க் வேலைக்குக் கேட்கிறார்கள்', 'பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்கிறேன்' என்று தணிந்த குரலில் கேட்டாலே பல இடங்களில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பாஸ்போர்ட்டைத் தன் விருப்பத்தின் பேரில் கம்பெனியிடம் ஒப்படைப்பதாக எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. அரபியில் இருக்கும் எந்தத் தாளாக இருந்தாலும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வேண்டாம்.

கம்பெனியைத் தவிர, பாஸ்போர்ட் சிக்கிக்கொள்ளும் இடம் இன்னொன்றும் உண்டு. நண்பருக்கு ஜாமீன் நிற்பதுதான் அது. கூட இருக்கும் ஒருவர் ஏதாவது வழக்கில் மாட்டினால், அவருக்காகத் தன் பாஸ்போர்ட்டைப் போலீஸிலோ கோர்ட்டிலோ ஈடாகக் கொடுப்பது அங்கே வழக்கம். வழக்கு முடியும் வரை அது திரும்பாது. ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் விமானம் ஏற முடியாது. கடனுக்கு அடமானமாக வைப்பதும் அப்படித்தான். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அடகு வைக்கும் பொருள் அல்ல என்பதைத் தம்பிக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எமிரேட்ஸ் ஐடிக்கும் இதே கவனம் வேண்டும். அதில் 784 என்று தொடங்கும் 15 இலக்க எண் இருக்கும். 784 என்பது அமீரகத்தின் குறியீடு, அடுத்த நாலு இலக்கம் பிறந்த ஆண்டு. அட்டை கைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஆண்டு, பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, காலாவதி தேதி எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பேங்க் கணக்கு தொடங்கும்போது தகராறு வரும். அட்டையை வைத்துப் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு சிம் வாங்கிக் கொடுப்பது பெரிய தவறு. அந்த நம்பரில் நடக்கும் எதற்கும் அட்டைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கட்டட வாசலில் செக்யூரிட்டி அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளக் கேட்டால், பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். போலீஸ் பேசுகிறோம், பேங்க் பேசுகிறோம் என்று போனில் அட்டை எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்கிறவர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிட வேண்டும். சாதாரண உடையில் வந்து போலீஸ் என்று சொல்கிறவரிடம் அட்டையைக் கொடுக்கும் முன், அவருடைய அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

அட்டை காலாவதியானால் புதுப்பிக்க 30 நாள் அவகாசம். அதற்கு மேல் நாளொன்றுக்கு 20 திர்ஹம், அதிகபட்சம் 1,000 திர்ஹம் வரை அபராதம். புதுப்பிப்பது கம்பெனியின் வேலைதான், ஆனாலும் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் முன்பே பி.ஆர்.ஓ.விடம் கேட்பது தம்பியின் வேலை. தொலைந்தால் உடனே கம்பெனியிடம் சொல்லி மாற்று அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாற்று அட்டைக்கான அரசுக் கட்டணம் 300 திர்ஹம். விண்ணப்பம் நிரப்பித் தரும் டைப்பிங் சென்டர் வழியாகப் போனால் அவர்கள் கூலி தனி.

பாஸ்போர்ட்டே தொலைந்தால் வேலை அதிகம். முதலில் போலீஸில் புகார் செய்து சான்று வாங்க வேண்டும், பாஸ்போர்ட் எண் அதில் பிழையில்லாமல் இருக்க வேண்டும். எண் ஞாபகமில்லாமல் தப்பாகச் சொல்லி, தூதரகத்தில் திருப்பி அனுப்பப்படுவது அடிக்கடி நடப்பது. பிறகு துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் விண்ணப்ப மையத்தில் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஷார்ஜாவும் அதன் எல்லைக்குள்தான். புதியது வந்ததும் குடியிருப்பு விசாவை அந்தப் புது எண்ணுக்கு மாற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, ஊருக்குக் கிளம்பும் அன்று விமான நிலையத்தில் நிறுத்தப்படுகிறவர்கள் உண்டு. 'அவுட்பாஸ்' வாங்கிக்கொண்டு வந்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். எமர்ஜென்சி சர்டிபிகேட் என்ற அந்தத் தாள் இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். அதைக் கொண்டு திரும்பிப் போக முடியாது.

லீவில் ஊருக்கு வரும்போது எமிரேட்ஸ் ஐடியை அறையிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் இல்லாததால், திரும்பும்போது திருச்சியிலோ சென்னையிலோ விமான கவுன்டரில் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் குடியிருப்பு விசாவே செல்லாமல் போகலாம், அதையும் மறக்க வேண்டாம்.

புறப்படுவதற்கு முன் உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. இன்றைக்கே பாஸ்போர்ட்டைத் திறந்து பெயரைப் பாருங்கள். நம் ஊர் வழக்கப்படி இனிஷியலை விரிக்காமல் ஒற்றைப் பெயர் மட்டும் போட்டு, 'சர்நேம்' இடத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட் நிறைய இருக்கிறது. 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளை அமீரகம் ஏற்பதில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அப்படி இருந்தால் அப்பா பெயரைச் சேர்த்து மறுவெளியீடு வாங்க வேண்டும். மறுவெளியீட்டில் பாஸ்போர்ட் எண் மாறும், எனவே இதை நுழைவு அனுமதி எடுப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும். செல்லுபடிக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி தேவை என்பதைக் குறிக்கும் 'ஈ.சி.ஆர்.' என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இ-மைக்ரேட் என்ற இந்திய அரசின் இணையதளம் வழியாக அனுமதி வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவர் மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து, அந்த முத்திரை இல்லாத பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளலாம். ஏஜென்ட் கொடுத்திருக்கும் விசாத் தாளில் வேலைக்கான அனுமதி என்று இருக்கிறதா, விசிட் என்று இருக்கிறதா என்பதையும் கட்டாயம் படித்துப் பாருங்கள். விசிட் விசாவில் போனால் எமிரேட்ஸ் ஐடி கிடையாது, பாதுகாப்பும் கிடையாது. 'அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொன்னால் தம்பியை அனுப்பாதீர்கள்.

ஆதார் அட்டை அங்கே எதற்கும் உதவாது, வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் ஆதாரோடும் பேங்கோடும் இணைத்த இந்திய சிம்மை எடுத்துப் போகட்டும், ஓ.டி.பி. வரும்படி ரோமிங் வசதியோடு உயிரோடு வைத்திருக்கட்டும். பாஸ்போர்ட்டுக்கு லேமினேஷன், ஸ்டேப்ளர் பின் இரண்டும் கூடாது. சென்னையில் 2025 மார்ச் முதல் சிப் வைத்த இ-பாஸ்போர்ட் கொடுக்கிறார்கள், அதை வளைத்துப் பின்பையில் வைத்து உட்கார்ந்தால் பழுதாகிவிடும்.

கடைசியாக, நகல்கள். பாஸ்போர்ட், நுழைவு அனுமதி, வேலை ஒப்பந்தம் மூன்றையும் மூன்று செட் எடுங்கள். ஒன்று தம்பியின் கைப்பையில், ஒன்று பெரிய பெட்டியில், ஒன்று உங்கள் வீட்டு பீரோவில். எமிரேட்ஸ் ஐடி வந்ததும் இரு பக்கமும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். யாருக்காவது நகல் கொடுக்க நேர்ந்தால், அதன் குறுக்கே 'சிம் வாங்க மட்டும்' என்பது போலக் காரணத்தையும் தேதியையும் எழுதிக் கொடுக்கட்டும். இன்னொரு சிறு தாளில் ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, தங்கியிருக்கும் கேம்ப் முகவரி, உங்கள் போன் நம்பர் நான்கையும் ஆங்கிலத்தில் எழுதி, எமிரேட்ஸ் ஐடி இருக்கும் அதே பர்சில் வைத்து அனுப்புங்கள்.