அமிலம் நொதியைக் கொல்லுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் விவசாயம். வயது 52. ஆறு மாதமாகக் காலையில் அமிலம் குறைக்கும் பான்டப்ரசோல் மாத்திரை, சாப்பிட்டதும் மெடிக்கலில் கொடுத்த செரிமான டானிக். நெஞ்செரிச்சல் போச்சு, களி சாப்பிட்டால் உப்புசம் மட்டும் விடவில்லை. "வயிற்று அமிலம் நொதியைக் கொல்லுது, ஆல்கலைன் (காரத்தன்மை) தண்ணி மெஷின் வாங்குங்க" என்கிறார் தெரிந்தவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உணவை உடைக்கும் ஒவ்வொரு நொதிக்கும் ஓர் இடம் உண்டு. எச்சிலில் உள்ளது மாவுச்சத்தை வாயில் உடைக்கும். இரைப்பை அமிலம் பட்டதும் ஓயும். நாம்தான் களியை மெல்லாமல் விழுங்குகிறோமே, அதற்கு நேரம் ஏது? இரைப்பையில் புரதத்தை உடைக்கும் பெப்சினுக்கோ அமிலம்தான் உயிர், பி.எச். (அமில அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 சுற்றி நன்றாக ஓடும், 5 தாண்டினால் படுத்துவிடும். மிச்ச வேலை சிறுகுடலில். அங்கே கணையமே காரநீர் சுரந்து அமிலத்தை அடக்கிக்கொள்கிறது, மெஷின் தேவையில்லை.

இப்போது உங்கள் டானிக்கைப் பாருங்கள். பெரும்பாலும் பெப்சினும், மாவுச்சத்தை உடைக்கும் டயாஸ்டேசும்தான். அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, அமிலம் இருந்தால்தான் வேலை செய்யும் பெப்சின் ஒரு மூடி! சீட்டே கேட்காமல் இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள், கேட்க நாதியில்லை. பெப்சின் குறைந்தாலும் பயமில்லை. புரதச் செரிமானத்தில் அதன் பங்கு 10 முதல் 20 சதவீதம்தான்.

ஒரே விலக்கு, கணையம் கெட்டவர்கள். அவர்களுக்கு டாக்டரே நொதி கேப்சூலும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து எழுதுவார், அது சரிதான். கொழுப்பை உடைக்கும் லைபேஸ் பி.எச். 4க்குக் கீழே அடியோடு கெட்டுவிடும். அதனால்தான் உள்ளே இருக்கும் குருணைக்கு மேல்பூச்சு. அந்தக் குருணையை நுணுக்காதீர்கள், மெல்லாதீர்கள், சாப்பாட்டோடு விழுங்குங்கள். வெறும் வயிற்றில் போட்டால் காசு தண்டம். எண்ணெய் மிதக்கும் மலம், எடை இறக்கம் இருந்தால்தான் இந்தப் பேச்சே. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

உங்கள் உப்புசத்துக்குக் காரணம் களியின் நார்ச்சத்தாகவோ, தொட்டுக்கொள்ளும் மொச்சையாகவோ இருக்கலாம். நாரை உடைக்க மனித உடலில் நொதியே கிடையாது. பெருங்குடல் கிருமிகள் புளிக்கவைத்துக் காற்றாக்கும். உருண்டையைச் சிறிதாக்கி, ஒரு வாரம் மொச்சையை நிறுத்திப் பாருங்கள்.

மெஷின்காரர் விற்பது பயம். நம் தருமபுரி மாவட்டத்துத் தண்ணீரில் பயப்பட வேண்டியது புளோரைடு, பி.எச்.சை ஏற்றுவதால் அது போகாது. ஒகேனக்கல் குடிநீர் வந்தால் அதையே குடியுங்கள்.

டானிக்கை நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், எரிச்சல் திரும்பி வரும். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள், வைட்டமின் பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு மலமோ, விழுங்கச் சிரமமோ இருந்தால் தள்ளிப்போடாமல் எண்டோஸ்கோபி.