தலைநகரை இருமுறை இழந்தவர்கள்

கேள்வி: ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு நகரம் மட்டும் ஓங்கி வளர்ந்துவிட்டால், அம்மாநிலத்தின் பொருளாதாரமே அந்நகரத்துக்குள் அடங்கிவிடும் என்கிறார்கள். இது மிகைப்படுத்தல் இல்லையா? (வாசகர், வேலூர்)

பதில்: சேர்ந்திருக்கும்போது கணக்குத் தெரியாது, பாகப்பிரிவினையின்போதுதான் தெரியும். ஆகையால் 2014இல் பிரிந்த ஆந்திரப் பிரதேசத்தையே எடுத்துக்கொள்வோம்.

1956 நவம்பர் 1 அன்று ஆந்திரமும் தெலங்கானாவும் இணைந்து ஒரே மாநிலமானபோது, நிஜாமின் தலைநகராக இருந்த ஐதராபாத் ஆயத்த நிலையில் கிடைத்தது. அகன்ற சாலைகளும் பல்கலைக்கழகமும் உயர்நீதிமன்றக் கட்டடமும் அங்கு ஏற்கெனவே இருந்தன. அதன் பிறகு மின்கருவிகள் செய்யும் பெல், மருந்து தயாரிக்கும் ஐ.டி.பி.எல்., இந்திய மின்னணுக் கழகம், அணு எரிபொருள் வளாகம், பாதுகாப்பு ஆய்வுக்கூடங்கள் என மத்திய அரசின் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்நகரைச் சுற்றியே அமைந்தன. ஐ.டி.பி.எல். நிறுவனத்தில் பணியாற்றிய அஞ்சி ரெட்டி 1984இல் டாக்டர் ரெட்டீஸ் மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார் என்பதை நினைத்தால், இன்று பேசப்படும் மருந்துத் தொழிலின் வேர் எந்த மண்ணில் இருக்கிறது என்பது விளங்கும். 1998இல் திறக்கப்பட்ட சைபர் டவர்ஸ் என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம், ஏற்கெனவே செழித்திருந்த இடத்திலேயே மேலும் நீர் பாய்ச்சியது. கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களில் நெல்லும் கரும்பும் ஈட்டிய பணம் விஜயவாடாவிலோ குண்டூரிலோ தங்காமல், ஐதராபாத்தின் மனைகளிலும் ஸ்டுடியோக்களிலும் மருத்துவமனைகளிலும் முதலீடாகப் போய்ச் சேர்ந்தது. துறைமுகமும் உருக்காலையும் கொண்ட விசாகப்பட்டினம்கூட இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் வரிக் கணக்கில் இருக்கிறது. சித்தூரிலும் ஸ்ரீகாகுளத்திலும் சரக்கு விற்கும் ஒரு நிறுவனம், அதன் தலைமை அலுவலகம் ஐதராபாத்தில் இருந்தால், விற்பனை வரியை அங்கேயே செலுத்தியது. மாநிலம் ஒன்றாக இருந்தவரை இதனால் யாருக்கும் நட்டமில்லை. பிரிந்தபோதோ, நிலுவையில் உள்ள வரியை வசூலிக்கும் உரிமை மதிப்பீடு நடந்த இடத்தைச் சேர்ந்த மாநிலத்துக்கே என்றும், திருப்பித் தரவேண்டிய வரியை மட்டும் மக்கள்தொகை விகிதப்படி இரு மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்றும் சட்டம் வகுத்தது. அதாவது வரவு ஐதராபாத்துக்கு, செலவில் 58.32 விழுக்காடு ஆந்திரத்துக்கு. ஆந்திர அரசு இதைத் திருத்தக் கோரியதில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் அடைகாக்க வைத்தது அறுபது ஆண்டுக்கால ஆட்சிகள்தாமே. நகரத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

கேள்வி: அப்படியானால் தெலங்கானாவின் அடையாளம் ஐதராபாத்தின் அடையாளம்தானா?

பதில்: வெளியூர்க்காரர்களுக்கு அப்படித்தான். சார்மினாரும் பிரியாணியும் தக்கனி உருதும் தாண்டி அவர்கள் கண் செல்வதில்லை. சோள ரொட்டியும் பதுக்கம்மா என்னும் மலர்த் திருவிழாவும் கொண்ட நாட்டுப்புறத் தெலங்கானா அந்நிழலில் மறைந்தே இருந்தது. தனிமாநிலப் போராட்டம் ‘நீர், நிதி, நியமனம்’ என்ற மூன்றையும் கேட்டபோது, பின்னிரண்டும் ஐதராபாத்தின் தலைமைச் செயலகத்தில் முடங்கிக் கிடந்தவை என்பதை மறக்கக்கூடாது. 2014இல் அமைந்த புதிய அரசு, ஊர்ப்புறத்துப் பதுக்கம்மாவையும் ஐதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரங்களில் பெரிதாகக் கொண்டாடப்படும் அம்மன் திருவிழாவான போனாலுவையும் சேர்த்தே மாநிலத் திருவிழாக்களாக அறிவித்தது. இவ்விரண்டையும் ஒருசேர நிறுத்தவேண்டியிருந்ததே நகரின் கனத்துக்குச் சான்று.

கேள்வி: ஆந்திரம் இதிலிருந்து பாடம் கற்றதா?

பதில்: நம்மவர்களுக்கு இதில் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1952 டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்தது சென்னையில்தான். ‘மதராஸ் மனதே’ (சென்னை நமதே) என்ற ஆந்திரரின் முழக்கத்துக்கு எதிராக, ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்றார் ம.பொ.சி. சென்னை நம்மிடமே நிற்க, 1953 அக்டோபர் 1 அன்று பிறந்த ஆந்திர மாநிலம் கர்நூலில் கூடாரங்களோடு ஆட்சி தொடங்கியது. பிறகு கிடைத்த ஐதராபாத்தும் பத்தாண்டுக்கு மேற்படாத பொதுத் தலைநகராகச் சுருங்கி, 2024 ஜூன் 2 அன்று முற்றிலும் கைவிட்டுப் போயிற்று. ஒரே தலைமுறையினர் சிலர் இவ்விரண்டு இழப்பையும் கண்டிருப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 2015இல் அடிக்கல் நாட்டப்பட்ட அமராவதி, மீண்டும் ஒரே மாநகரம் என்ற கனவாகவே உருவெடுத்தது. அடுத்து வந்த ஆட்சி விசாகப்பட்டினம், அமராவதி, கர்நூல் என மூன்று தலைநகர்களை முன்வைத்தது. 2024இல் ஆட்சி மாறியதும் அமராவதியே திரும்ப வந்தது. மூன்று ஊர்களுக்குப் பலகை மாட்டுவதால் தொழில் பரவிவிடாது என்பதால், அத்திட்டத்தையும் நான் ஆதரிக்கவில்லை. இருந்தாலும் அதன் பின்னால் ஒரு பழைய மனக்குறை உண்டு. தலைநகரோ உயர்நீதிமன்றமோ, இரண்டில் ஒன்று கர்நூலை உள்ளடக்கிய ராயலசீமைப் பகுதிக்கு என்று 1937இலேயே சென்னையில் ஸ்ரீபாக் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன்படி கர்நூல் தலைநகராக இருந்தது வெறும் மூன்றாண்டுகள். அதன் பிறகு இரண்டில் ஒன்றும் அவ்வூருக்கு நிலைக்கவில்லை.